டூசானுக்குப் போயிருக்கும் டெல்டாக்காரர்களுக்கு: மழைக்கு முன்னால் தோட்டத்தில் என்ன வைக்கலாம்?

அரிசோனாவுக்குப் புதிதாகப் போயிருக்கும் திருவாரூர்த் தம்பி ஒருவர், கொல்லையில் கல்லும் புழுதியுமாக இருக்கிறது, மல்லி வைக்கலாமா என்று கேட்டிருந்தார். தொட்டியில் வையுங்கள். தரையை அந்த ஊர்ச் செடிகளுக்கு விட்டுவிடுங்கள். டூசானில் குடியிருந்துவிட்டு மன்னார்குடிக்குத் திரும்பியவன் என்பதால் இரண்டு மண்ணையும் பார்த்திருக்கிறேன்.

மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டியே அங்கும் மழைக்காலக் கணக்கு தொடங்குகிறது: ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. ஆனால் டூசானில் நல்ல மழை பெரும்பாலும் ஜூலையில்தான். ஆண்டு முழுக்கவே சுமார் 270 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் இந்த மூன்றரை மாதத்தில். நம்ம பக்கம் ஒரு புயல் வந்தால் இரண்டு நாளில் கொட்டிவிடும் அளவு இது.

அதனால் நம் கைப்பழக்கம் அங்கே எடுபடாது. தொழுவுரம் வேண்டாம், தினமும் தண்ணீர் வேண்டாம். மண்ணுக்கடியில் கலீச்சி என்று சுண்ணாம்புப் பாறை மாதிரி ஓர் அடுக்கு இருக்கலாம். குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் வேறு இடம் பாருங்கள். கூரைத் தண்ணீரை ஆழமில்லாத பள்ளத்துக்குத் திருப்பி, செடியைப் பள்ளத்தின் விளிம்பில் வையுங்கள். வெட்டுமுன் மண்ணை நனைத்துக்கொள்வது முக்கியம். அந்தப் புழுதியில் 'வேலி ஃபீவர்' என்ற நுரையீரல் காய்ச்சலைத் தரும் பூஞ்சை உண்டு.

சரி, எந்தச் செடி? நம் வரப்போரத்துச் செடிகளின் பங்காளிகளைத் தேடுங்கள். எருக்கின் குடும்பத்தில் டெசர்ட் மில்க்வீட் இருக்கிறது. இலையே இல்லாத குச்சிக்கற்றை போல நிற்கும்; முறித்தால் அதே பால். இங்கே எருக்கில் முட்டையிடும் வெந்தய வரியனின் பேரினத்தைச் சேர்ந்த 'குயீன்' பட்டாம்பூச்சி அங்கே இதில் முட்டையிடும். புழு தின்று செடி மொட்டையானால் மருந்தடிக்காதீர்கள், தின்னத்தானே வைத்தோம்! நர்சரியில் வாங்கும்போதே பூச்சிமருந்து போட்டு வளர்த்ததா என்று கேட்டுவிடுங்கள்.

வல்லத்துச் செம்மண் மேட்டில் பூக்கும் ஆவாரைக்கு அங்கே டெசர்ட் சென்னா. இதன் மகரந்தம் சும்மா உதிராது, தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்க வேண்டும். வழக்கமான தேன்கூட்டுத் தேனீக்கு அது வராது. அந்த ஊர்க் காட்டுத் தேனீக்களுக்கு வரும். நெருஞ்சியின் உறவான சம்மர் பாப்பியை மழைக்குக் கொஞ்சம் முன்னால் விதைத்தால், முள் இல்லாமல் ஆரஞ்சுப் பூவாகத் தரையை மூடும். ஊமத்தைக்கும் உறவு உண்டு: டத்துரா. இரவில் பூக்கும், பெரிய அந்துப்பூச்சிகள் வரும். முழுக்க விஷம், சின்னப் பிள்ளைகள் இருந்தால் வேண்டாம்.

மெஸ்கீட் மரத்தைப் பார்த்ததும் 'அட, சீமைக்கருவேலம்!' என்று அரிவாளைத் தேடாதீர்கள். அதன் உறவுதான், ஆனால் வெல்வெட் மெஸ்கீட் அந்த மண்ணிலேயே பிறந்தது. பூத்தால் மரமே ரீங்காரமிடும். பிடுங்க வேண்டியது வேறு. நாம் மாட்டுக்குப் போடும் கொழுக்கட்டைப் புல் அங்கே பாலைவனத்தை எரிக்கும் களை. மழை விழுந்ததும் முளைக்கும், வேரோடு எடுங்கள்.

அங்குள்ள தேனீக்களில் பெரும்பாலானவை மண்ணில் வளை தோண்டித் தனியாக வாழ்பவை. கல் பரப்புகிறவர்கள் அடியில் பிளாஸ்டிக் விரிக்கச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் வெறும் தரையும் விட்டுவையுங்கள். உங்கள் குடியிருப்பில் வீட்டு உரிமையாளர் சங்கம் (HOA) இருந்தால் அனுமதிச் செடிப் பட்டியலை முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். புதர்ச்செடிகளை மழை முடிந்து அக்டோபர், நவம்பரில் நடுவதே நல்லது.

அப்புறம், பாலைவனத்தில் கண்ட செடியைப் பெயர்த்து வராதீர்கள், அங்கே சட்டம் கடுமை. ஊரிலிருந்து விதை கேட்டும் எழுத வேண்டாம். சான்றிதழ் இல்லாமல் வந்தால் விமான நிலையத்திலேயே பறிமுதல்தான்.