பேச்சும் வாசிப்பும் சிரமமாக உள்ள குழந்தைக்குப் பள்ளியில் என்ன கேட்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 7 வயது. விருதுநகர் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். 'காக்கா' என்று சொன்னால் 'தாத்தா' என்று வரும், ரகரம் யகரமாகிவிடும். வீட்டில் எங்களுக்குப் புரிகிறது. வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பதால் வாயே திறப்பதில்லை. இப்போது எழுத்திலும் தடுமாற்றம். 'கெ', 'கே' வித்தியாசம் மனதில் நிற்பதில்லை. கொம்பும் காலும் இடம் மாறுகின்றன. ஆனால் கதை சொன்னால் ஒரு வரி விடாமல் நினைவு வைத்துக்கொள்வாள்! காதைச் சோதித்தாயிற்று, குறையில்லை.

வகுப்பாசிரியை அன்பானவர். "வளர வளரச் சரியாகிவிடும்" என்கிறார். எனக்குக் காத்திருக்க மனமில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பேச்சு, மொழிக் குறைபாடும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிய வேண்டும் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது.

பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரை (சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குக் கற்பிப்பவரை) பள்ளிக்கு வரவழைத்த பெற்றோர் யாராவது இருக்கிறீர்களா? மனுவைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தீர்களா, நேரே மையத்துக்கே போனீர்களா? மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கான அரசு மருத்துவ மையம்) பேச்சுப் பயிற்சி தொடர்ந்து கிடைத்ததா, அவர்கள் தரும் அறிக்கையைப் பள்ளி ஏற்றுக்கொண்டதா?

அப்புறம், வினாத்தாளை வாசித்துக் காட்டுவது, கரும்பலகையில் இருப்பதை எழுதக் கூடுதல் நேரம், எல்லோர் முன்னும் சத்தமாக வாசிக்கச் சொல்லாமல் இருப்பது, இவற்றையெல்லாம் எழுத்தில் கேட்கலாமா? நீங்கள் எழுதிய கடிதம் இருந்தால், பெயர்களை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். அடுத்த வாரம் பள்ளியில் பேசப் போகிறேன்.