பையனுக்கு லைசென்ஸ் வந்தாச்சு, டர்போ காரைக் கொடுக்கலாமா? உங்கள் வீட்டு அனுபவம் சொல்லுங்கள்

கோவை அப்பா எழுதியது:

பையனுக்கு 18 முடிந்ததும் எல்எல்ஆர் போட்டோம், டிரைவிங் ஸ்கூலில் பழகினான், இப்போது லைசென்ஸ் கார்டும் தபாலில் வந்து சேர்ந்துவிட்டது. வீட்டில் இருப்பது ஒரே கார். ஆக்டேவியா, 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 190 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக். அவன் பழகிய ஸ்கூல் வண்டியோ ஆல்ட்டோ 800, அதில் 50 கூட வராது. ஏறக்குறைய நாலு மடங்கு வித்தியாசம். ஆனால் லைசென்ஸைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். எல்எம்வி, அதாவது இலகுரக வாகனம் என்று அடித்துக் கொடுத்துவிட்டால் அதையும் எடுக்கலாம், இதையும் எடுக்கலாம், கோடி ரூபாய் ஸ்போர்ட்ஸ் காரையும் எடுக்கலாம். டெஸ்டில் பார்ப்பதெல்லாம் கொஞ்ச தூரம் ஓட்டத் தெரிகிறதா, ரிவர்ஸ் வருகிறதா என்பதுதான். மிச்சம் முழுக்க வீட்டுப் பொறுப்பு.

சாவி கொடுக்கலாமா கூடாதா என்று வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. மனைவியின் தம்பி, "மாமா, பழைய மாருதி ஒண்ணு வாங்கிக் குடுத்துருங்க, இடிச்சுத் தேய்ச்சுப் பழகட்டும்" என்றான். பெரும்பாலான வீடுகளில் இதைத்தான் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நம்ம நாட்டில் டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். அதற்கு முன்னால் வந்த அடிமட்ட மாடல்கள் பலவற்றில் ஏர்பேக்கே இருக்காது, பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் இருக்காது. தேய்ந்து போனால் பரவாயில்லை என்று பார்க்கிறோமே, அது வண்டியின் பெயின்ட்டுக்குத்தான் பொருந்தும், உள்ளே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குப் பொருந்தாது. வேகம் குறைந்த வண்டியும் 80-ல் போகும், 80-ல் மோதினால் ஏர்பேக் இல்லாத வண்டி என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் ஏர்பேக்கும், வண்டி சறுக்காமல் பிடிக்கிற ஈஎஸ்பியும் இருக்கிற இந்த வண்டியையே கொடுப்பது, ஆனால் பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்துதான் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

பழகும்போது நான் பார்த்த சிலவற்றைச் சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

முதலில் இடது கால். கிளட்ச் வண்டியில் பழகிய பிள்ளை ஆட்டோமேட்டிக்கில் உட்கார்ந்தால் மூளைக்குத் தெரியும் கிளட்ச் இல்லை என்று, காலுக்குத் தெரியாது. சிக்னலில் நிறுத்தப் போகும்போது இடது கால் தானாக எழுந்து கிளட்சைத் தேடி மிதிக்கும். ஆட்டோமேட்டிக்கில் பிரேக் பெடல் அகலமானது, கால் நேராக அதில்தான் போய் விழும். கிளட்ச் மிதிக்கிற வேகத்தில் பிரேக்கை மிதித்தால் வண்டி நட்டுக்கொண்டு நிற்கும், பின்னால் வருகிற டெம்போ நம் டிக்கியில் ஏறும். இடது காலை மடக்கி சீட்டை ஒட்டி வைத்துக்கொள் என்று சொல்லி, அது பழக்கமான பிறகுதான் அவிநாசி ரோடு பக்கமே வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

இரண்டாவதுதான் உண்மையில் பயப்பட வேண்டியது. நீலாம்பூர் – மதுக்கரை பைபாஸ் தெரிந்தவர்களுக்குத் தெரியும், எத்தனையோ வருடமாக நடுவில் தடுப்பு இல்லாத இருவழி ரோடு, கேரளா போகிற லாரிகள் வரிசை கட்டிப் போகும். அங்கே ஒரு லாரியை முந்த வெளியே எடுத்தான். மிதித்தான். டர்போ வண்டியில், அதுவும் இந்த மாதிரி கியர்பாக்ஸில், மிதித்த உடனே இழுவை வராது. கியர் இறங்கி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிற டர்போ சுற்றி எழுந்து வர ஒரு மூச்சு நேரம் ஆகும். அந்த நேரத்தில் புதுசாக ஓட்டுகிறவன் என்ன செய்வான், "வரலையே" என்று இன்னும் அழுத்துவான். அப்புறம் சேர்ந்தாற்போல மொத்தமும் வரும். முதுகு சீட்டில் ஒட்டுகிற மாதிரி இழுத்தது, லாரியைத் தாண்டி அவன் நினைத்ததைவிட ரொம்ப முன்னால் போய்விட்டோம். எதிரே அப்போது யாரும் இல்லை. ஓரமாக நிறுத்தச் சொன்னேன். "மிதிச்சேன்ப்பா, ஒண்ணும் வரல, அப்புறம் ஒரேயடியா இழுத்துருச்சு" என்றான், கை நடுங்கியது. திட்டவில்லை. மொபைலை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நாம் 100-ல் போகிறோம், எதிரே வருகிறவன் 80-ல் வருகிறான் என்றால் இரண்டு வண்டிக்கும் நடுவில் இருக்கிற இடம் நொடிக்கு 50 மீட்டர் கரைகிறது. மிதித்தும் இழுக்காத அந்த ஒரு நொடியில் 50 மீட்டர் போய்விட்டது. அதனால் முந்துவதற்கு வெளியே எடுக்கும் முன்பே, கியரை நாமே மாற்றுகிற மேனுவல் மோடில் ஒரு கியர் இறக்கிவிட்டு, எஞ்சின் சத்தம் ஏறியதைக் கேட்ட பிறகு எடு, இடம் பத்துமா என்று யோசனை வந்தாலே எடுக்காதே. இதை அந்த ரோட்டிலேயே திரும்பத் திரும்பப் பழகினோம்.

மூன்றாவது, சத்தம். ஆல்ட்டோவில் 80 போனால் வண்டி அலறும், ஜன்னல் ஆடும், பிள்ளைக்கே பயம் வந்து காலை எடுத்துவிடுவான். இந்த மாதிரி வண்டியில் 120-லும் பாட்டுக் கேட்கலாம். சேலம் ரோட்டில் பெருந்துறை தாண்டி "இப்ப எவ்வளவு போறே, மீட்டரைப் பாக்காம சொல்லு" என்று கேட்டேன். 80 என்றான். மீட்டரில் 105. அதிலிருந்து அதையே விளையாட்டு மாதிரி ஆக்கிவிட்டோம், நான் கேட்பேன், அவன் சொல்வான், இப்போது ஐந்து முன்னே பின்னே இருக்கிறது.

உங்கள் வீட்டில் எப்படிச் செய்தீர்கள்?

மதுரை அம்மா எழுதியது:

என் மகளுக்கு எக்ஸ்யூவி 700 பெட்ரோல், 200 குதிரைத்திறன். அவள் அப்பா வெளிநாட்டில், நான்தான் பக்கத்தில் உட்கார்ந்தது. நீங்கள் எழுதியதெல்லாம் சரி அண்ணா, ஆனால் என்னைக் கேட்டால் வண்டியைவிடக் கூட உட்காருகிறவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். என்னோடு வரும்போது என் மகள் இண்டிகேட்டர் போடாமல் லேன் மாற மாட்டாள். சித்தி பிள்ளைகள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு அழகர்கோவில் போய்விட்டு வந்த அன்றைக்கு வண்டி தெருவுக்குள் திரும்பிய வேகத்தை மாடியிலிருந்து பார்த்தேன், அது என் மகள் ஓட்டுகிற வேகம் இல்லை. பின்சீட்டில் இருந்து "அக்கா மிதிங்கக்கா, அவன் ஓவர்டேக் பண்றான் பாருங்க" என்று சத்தம் போட்டால் 18 வயசில் யார்தான் மிதிக்காமல் இருப்பார்கள்? அன்றிலிருந்து ஒரு வருடத்துக்கு வீட்டுப் பெரியவர் இல்லாமல் சின்னப் பிள்ளைகளை ஏற்றக் கூடாது, ராத்திரி 9-க்கு மேல் வண்டி வெளியே போகாது. கோபித்துக்கொண்டாள், இரண்டு நாள் பேசவில்லை. பரவாயில்லை.

இன்னொன்று, இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். ஓனர் டிரைவருக்கு என்று கட்டாயமாக 15 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கும். அது ஆர்சி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான். பிள்ளை ஓட்டி பிள்ளைக்கு அடிபட்டால் அதில் ஒன்றும் வராது. நாங்கள் மகள் பெயரில் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுத்தோம், பெரிய செலவு இல்லை.

எங்கள் காலனியில் லைசென்ஸ் வருவதற்கு முன்பே 16, 17-ல் சாவி கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், "பையன் என்னைவிட நல்லா ஓட்டுறான்" என்று பெருமை வேறு. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 199ஏ பிரிவைக் கொண்டுவந்தார்கள். 18 வயசு ஆகாத பிள்ளை ஓட்டி மாட்டினால் பெற்றவருக்கோ வண்டி ஓனருக்கோ மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாதத்துக்கு ஆர்சி ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. புனேயில் 2024 மே மாதம் 17 வயசுப் பையன் போர்ஷே காரில் வந்து மோதி, பைக்கில் போன இரண்டு இளம் என்ஜினியர்கள் இறந்தார்கள். விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுது என்று சொல்லி ஜாமீன் கொடுத்ததும்தான் நாடே கொதித்தது. கட்டுரையைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அந்த வயசில் அந்தச் சாவி கைக்குப் போனதைப் பற்றி நம் வீடுகளில் பேசினோமா?

சிட்னி அண்ணா எழுதியது:

நாங்கள் யாழ்ப்பாணம், இப்ப வென்ற்வேர்த்வில். இங்க நீங்கள் எல்லாரும் வீட்டில் போடுற விதிகளை அரசாங்கமே போட்டு வைச்சிருக்கு. எங்கட மாநிலம் நியூ சவுத் வேல்ஸில் 25 வயசுக்குக் குறைந்த பிள்ளை எல் போர்டோட 120 மணித்தியாலம் ஓடிக் காட்ட வேணும், அதில் 20 மணித்தியாலம் இரவில். ஒவ்வொரு ஓட்டத்தையும் லொக் புக்கில் பதிய வேணும். அப்புறம் சிவப்பு பி போர்ட், டெஸ்ட் பாஸ் பண்ணினதும் வாற முதல் கட்ட லைசென்ஸ். 90-க்கு மேல போகக் கூடாது, ஒரு துளி மதுவும் கூடாது, போனைத் தொடவே கூடாது, இரவு 11 மணியில் இருந்து விடிய 5 மணி வரைக்கும் 21 வயசுக்குக் குறைஞ்ச ஒருவரை மட்டும்தான் ஏற்றலாம். மதுரை அம்மா சொன்ன அதே விசயம்தான், இங்க சட்டத்திலேயே இருக்கு.

வலுவான காருக்கும் கணக்கு உண்டு. எஞ்சின் சக்தியை காரின் எடையால் பிரிச்சால் டன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேல வருகிற காரை பி போர்ட் பிள்ளை தொட ஏலாது. என்ர கார் கோல்ஃப் ஆர், அது அந்தக் கணக்கைத் தாராளமாகத் தாண்டும். ஆகவே மகன் கேட்டபோது நான் சண்டை பிடிக்கத் தேவை வரவில்லை, "சட்டம் விடாது தம்பி" என்று ஒரே சொல்லில் முடிஞ்சுது. தாயின்ர கொரோலாவைத்தான் ஓடுகிறான். அதிலும் ஒரு பயம் இருக்கு. ஹியூம் மோட்டர்வேயில் எல்லாரும் 110-ல் போக இவன் மட்டும் 90-ல் போகிறான், பெரிய ட்ரக்குகள் பின்னால் வந்து நெருக்கும். இடது லேனை விட்டு வெளிய வராதே, நெருக்கினாலும் கூட்டாதே என்று பக்கத்தில் இருந்து சொல்லிச் சொல்லித்தான் பழக்கினேன்.

இன்னொரு ஓட்டையும் சொல்ல வேணும். மின்சாரக் காருக்கு பேட்டரி எடை கூட. எடையால் பிரிக்கேக்க எண் குறைஞ்சு போகும். அதனால் மிதிச்ச உடனே பாயுற சில மின்சாரக் கார்கள் சட்டத்துக்குள்ள வந்து விடுகின்றன. இங்க எங்கட ஆட்கள் நிறையப் பேர் இப்ப அவற்றைத்தான் வாங்குகிறார்கள். கணக்கில் 130 வரவில்லை என்பதற்காகப் பிள்ளைக்கு அது லேசான கார் என்று நினைக்க வேண்டாம்.

சேலம் டிரைவிங் மாஸ்டர் எழுதியது:

ஸ்கூல் வண்டியில் என் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். பையன் விட்டாலும் நான் பிடிப்பேன். உங்கள் வண்டியில் அது கிடையாது, ஹேண்ட் பிரேக்கும் இப்போது பட்டனாகிவிட்டது. பக்கத்தில் உட்காருகிற அப்பாமார்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், உங்களிடம் இருப்பது வாய் மட்டும்தான், அதையும் கத்துவதற்குப் பயன்படுத்தினால் பிள்ளை பதறி ஆக்சிலேட்டரை மிதிப்பான். "பிரேக், மெதுவா" என்று அமைதியாகச் சொல்லுங்கள்.

மலைக்குப் போவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி. வலுவான ஆட்டோமேட்டிக்கில் ஏறுவது சுகம், பையனுக்கு மலையே ஒன்றுமில்லை என்று தோன்றிவிடும். இறங்கும்போதுதான் இருக்கிறது. கியரை டி-யில் (டிரைவ்) போட்டுவிட்டுப் பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்குவார்கள். கியர் மேலே போய்க்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது, பாரம் முழுக்கப் பிரேக்கில். அடிவாரம் செக்போஸ்ட்டில் நின்று பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இறங்கி வருகிற பெரிய வண்டிகளில் பாதிக்கு மேல் பிரேக் தீய்ந்த நாற்றம். பெடல் மெத்து மெத்தென்று ஆகிவிட்டால் அப்புறம் கடவுள் விட்ட வழி. மேனுவலில் போட்டு இரண்டாவது கியரில் இறக்கச் சொல்லுங்கள், பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி, அதையும் சொல்லிக் கொடுங்கள், லைசென்ஸ் வாங்கிய நிறையப் பேருக்குத் தெரியாது.

கோவை அப்பா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மதுரை தங்கச்சி சொன்னதைப் படித்துவிட்டு இன்சூரன்ஸ் பேப்பரைப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது, பையன் பெயரில் பாலிசிக்குச் சொல்லிவிட்டேன். மாஸ்டர் சொன்னதற்காக இந்த மாதம் மலை வேண்டாம் என்று வைத்திருந்ததை மாற்றி, ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் வழியில் கொஞ்ச தூரம் ஏறித் திரும்பி இறங்கிப் பழக்கலாம் என்று இருக்கிறேன், 40 கொண்டை ஊசியும் ஒரே நாளில் வேண்டாம்.

ஏபிஎஸ் பழக்குவது எங்கே என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள். ஊருக்கு வெளியே தார் ரோடு மட்டும் போட்டு, வீடு கட்டாமல் கிடக்கிற லேஅவுட்டுகள் எல்லா ஊரிலும் இருக்கும். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, ஆடு மாடு இல்லாத காலை நேரத்தில் போங்கள். 40-ல் போகச் சொல்லி, "நிறுத்து" என்றதும் முழு பலத்தோடு மிதிக்கச் சொல்லுங்கள். பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். முதல் தடவை எல்லாப் பிள்ளையும் ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிடும், என் பையனும் எடுத்தான். அதிர்ந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம், விடாமல் மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பலாம் என்று ஓட்டிக் காட்டினால் புரிந்துவிடும். பிறகு 50, 60. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் மிதித்ததிலிருந்து வண்டி நிற்கிற தூரம் நாலு மடங்காகும் என்று வாயால் சொன்னபோது தலையாட்டினான். 30-ல் நின்ற இடத்தில் ஒரு கல், 60-ல் நின்ற இடத்தில் ஒரு கல் வைத்து இறங்கி நடந்து பார்க்கச் சொன்னேன். நடந்துவிட்டு வந்து, "பைபாஸ்ல நாம 100-ல போனோமேப்பா" என்றான்.

தனியாக எடுக்க அனுமதி இன்னும் கொடுக்கவில்லை. பகலில், வீட்டிலிருந்து அவன் காலேஜ் வரைக்கும், நண்பர்கள் இல்லாமல் என்று அடுத்த செமஸ்டரில் தொடங்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அவிநாசியிலோ திருப்பூரிலோ இப்படிப் பழக்கிக்கொண்டிருக்கிறவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், நாங்கள் பழகுகிற லேஅவுட் பெரிய இடம், ஒருநாள் சேர்ந்தே வரலாம்.