ஜிம்ப் 3.0: நான் வரைந்த ஸ்ப்ளாஷ் படம் தொடக்கத்தில் வரவில்லை

நீலமை:

வணக்கம். படம் வரையும், திருத்தும் நிரலான ஜிம்ப் திறக்கும்போது வரும் ஸ்ப்ளாஷ் படத்துக்குப் பதிலாக நானே வரைந்த ஒன்றை வைக்க ஆசை. தமிழ் எழுத்துருவில் பெயர் போட்டு, 1920×1080 அளவில் பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்துவிட்டேன். பழைய வழிகாட்டி ஒன்றில் சொன்னபடி ஆப்டேட்டா, ரோமிங், ஜிம்ப், 2.10 என்று உள்ளே போய், ஸ்ப்ளாஷஸ் என்று ஒரு கோப்புறை உருவாக்கி அதில் போட்டேன். எத்தனை முறை மூடித் திறந்தாலும் பழைய படம்தான் வருகிறது. விண்டோஸ் 11, ஜிம்ப் 3.0. நிரலை நிறுவிய இடத்தில் இருக்கும் மூலப் படத்தையே மாற்றிவிடலாமா?

திரைச்சீலை:

மூலப் படத்தைத் தொடாதீர்கள். அதற்கு நிர்வாகி அனுமதி வேண்டும், அடுத்த அப்டேட்டில் உங்கள் படமும் போய்விடும்.

சிக்கல் கோப்புறையில்தான். அந்த வழிகாட்டி 2.10 காலத்தில் எழுதப்பட்டது. 3.0 தனக்கென்று 3.0 என்ற பெயரில் தனிக் கோப்புறை வைத்துக்கொள்கிறது, 2.10ல் கிடக்கும் படத்தை எட்டிக்கூடப் பார்க்காது. எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ் திறந்து ஃபோல்டர்ஸ் பகுதியைப் பாருங்கள். தூரிகைகளுக்கு எந்தப் பாதை காட்டுகிறதோ, அதே இடத்தில்தான் ஸ்ப்ளாஷஸ் கோப்புறையும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் splashes, எல்லாம் சிறிய எழுத்து, கடைசியில் பன்மை. ஒருமையில் பெயர் வைத்தால் ஜிம்ப் கண்டுகொள்ளாது.

இன்னொன்று: விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை, அதாவது பெயரின் கடைசியில் வரும் வடிவக் குறியை, மறைத்து வைத்திருக்கும். எக்ஸ்சிஎஃப் கோப்பையே பெயர் மாற்றிப் போட்டிருந்தாலும் வேலை செய்யாது. ஜிம்ப்பின் சொந்த வடிவம் அது என்றாலும் ஸ்ப்ளாஷ் படமாக எடுத்துக்கொள்வதில்லை. பிஎன்ஜி, ஜேபெக் போன்ற வழக்கமான பட வடிவம் வேண்டும்.

நீலமை:

3.0 கோப்புறைக்கு மாற்றியதும் உடனே வந்துவிட்டது, மிக்க நன்றி! ஆனால் பார்த்தால் மனம் நிறையவில்லை. ஏற்றும்போது வரும் இரண்டு வரிகள் நான் எழுதிய பெயர்மேலேயே விழுகின்றன, இரண்டுமே படிக்க முடியவில்லை. படம் சுருங்கித் தெரிவதால் எழுத்தும் மங்கிவிட்டது.

கோட்டோவியம்:

இங்கேதான் வடிவமைப்பு வேலை ஆரம்பம்.

படத்தின் அடிப்பகுதி உங்களுடையது இல்லை, அது ஜிம்ப்புடையது. தரவுக் கோப்புகளைத் தேடுகிறது, தூரிகைகளை ஏற்றுகிறது என்ற அந்த இரண்டு வரிகளும் கீழே நடுவில் வரும், முன்னேற்றப் பட்டை அதற்கும் அடியில். எழுத்தின் நிறத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த இடத்தின் சராசரி வெளிச்சத்தைப் பார்த்து, இருட்டாக இருந்தால் வெளிர் எழுத்து, வெளிச்சமாக இருந்தால் கரு எழுத்து என்று ஜிம்ப்பே முடிவு செய்யும். அங்கே பாதி வெள்ளை, பாதி கறுப்பு என்று படம் இருந்தால் சராசரி நடுவில் நிற்கும், எந்த நிற எழுத்தும் ஒரு பக்கம் மறைந்துவிடும். அதனால் அடிப்பட்டையை ஒரே சாயலில், நுணுக்கம் இல்லாமல் விடுங்கள். என் விருப்பம் அடர் நிறம்.

வரையும்போதே கீழே நடுவில் இரண்டு வரி எழுத்துடன் ஒரு லேயர் வைத்துக்கொள்ளுங்கள், ஏற்றுமதிக்கு முன் மறைத்துவிடலாம். இடம் போதுமா என்று ஒவ்வொரு முறையும் நிரலை மூடித் திறந்து பார்க்க வேண்டியிருக்காது.

சுருங்குவது பற்றி: இப்போதைய பதிப்புகள் பெரிய படத்தைத் திரைக்கு ஏற்பக் குறைத்துக் காட்டுகின்றன. தமிழ் எழுத்துக்கு இதில் சேதம் அதிகம். மெல்லிய எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி முதலில் காணாமல் போகும், ஞ, ண போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். புள்ளி போனால் சொல்லே மாறிவிடும், அதை விட்டுவிடக் கூடாது. தடித்த எழுத்துரு எடுத்து, எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி கூட்டுங்கள். பிறகு படத்தின் நகலைப் பாதி அளவுக்கு, அதாவது 960×540க்குக் குறைத்து, நூறு சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே தெளிவாக இருந்தால் அந்த அளவிலேயே ஏற்றுமதி செய்யுங்கள். சுருக்கும் வேலையை உங்கள் கண் முன்னே முடித்துக்கொள்வது நல்லது.

ஒளிக்கீற்று:

லினக்ஸில் தேடி வருபவர்களுக்காக: வழக்கமான நிறுவலில் முகப்புக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் கான்ஃபிக், அதற்குள் ஜிம்ப், 3.0. ஃபிளாட்பேக் என்ற தொகுப்பு முறையில் நிறுவியிருந்தால் இடம் வேறாக இருக்கலாம்.  இங்கும் பிரிஃபரன்சஸில் பார்ப்பதே சுலபம்.

நீலமை:

அடிப்பட்டையைக் கரு நீலமாக்கி, பெயரை மேலே ஏற்றி, தடித்த எழுத்துரு போட்டேன். எல்லாம் படிக்க முடிகிறது, புள்ளிகளும் பத்திரமாக இருக்கின்றன. கடைசியாக ஒரு கேள்வி அண்ணா: நான்கு படங்கள் வரைந்து மாற்றி மாற்றி வரவைக்க முடியுமா? அசையும் ஜிஃப் வைக்கலாமா?

கோட்டோவியம்:

நான்கையும் அதே ஸ்ப்ளாஷஸ் கோப்புறையில் போடுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஜிம்ப் ஏதாவது ஒன்றைத் தானே எடுக்கும். வரிசை நம் கையில் இல்லை. ஒன்றே எப்போதும் வர வேண்டுமென்றால் அதை மட்டும் அங்கே விட்டுவிட்டு மற்றவற்றை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

ஜிஃப் ஏற்கும். ஆனால் அந்த நேரத்தில் நிரல் எழுத்துருக்களையும் தூரிகைகளையும் ஏற்றுவதில் மும்முரமாக இருக்கும், அசைவு தட்டித் தடுமாறித்தான் தெரியும். நான்கு நிலைப் படங்களையே வையுங்கள், நான்கிலும் அடிப்பட்டை ஒரே உயரத்தில் இருக்கட்டும்.