லீவு நாளில்தான் ஒற்றைத் தலையிடி வருகிறது, என்ன செய்யலாம்?

நிலாவெளி ரிசப்சன்:
வணக்கம். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ரிசப்சனில் வேலை. வீடு திருகோணமலை டவுனுக்குள். சித்திரை பிறந்தால் எங்களுக்கு சீசன். கடல் அமைதியாகிவிடும், புறாத்தீவுக்குப் போகிற ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒரு கிழமை காலை ஷிப்ட், அடுத்த கிழமை இரவு. வேலை நாட்களில் எப்படியோ சமாளித்துவிடுகிறேன். லீவு வந்தால் போதும், வலது கண்ணுக்குப் பின்னால் இடிக்கத் தொடங்கும். வெளிச்சம் ஆகாது, மீன் பொரிக்கிற மணம் பட்டால் சத்தி. பிடித்தால் அன்றைய பொழுதும் மறுநாள் பாதியும் போய்விடும்.

மைக்ரேன்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். காரணம் கேட்டால் வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மாமிக்குக் கச்சான் காற்று, அம்மாவுக்கு நான் இரவில் தலைக்குக் குளிப்பது, தங்கச்சிக்கு சொக்லேட். எதை நிறுத்துவது? இது வராமல் தடுக்க வழி உண்டா?

பாலையூற்று ரீச்சர்:
பிள்ளை, படிப்பித்த காலம் முழுக்க இந்த இடியோடுதான் வகுப்புக்குப் போனேன். பென்சன் எடுத்த பிறகு எப்போதாவதுதான் வருகிறது. எந்தச் சாப்பாடு குற்றவாளி என்று தேடி அலைவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மைக்ரேன் உள்ள மூளைக்கு மாற்றம் பிடிக்காது. நித்திரை, சாப்பாடு, தேத்தண்ணீர் எல்லாம் நேரத்துக்கு நடந்தால் அது பாட்டுக்குக் கிடக்கும்.

உங்கள் லீவு நாளையே பாருங்கள். ஐந்தரைக்கு எழும்புகிற ஆள் அன்று ஒன்பது, பத்து மணி வரை படுத்திருப்பீர்கள். ஆறு மணித் தேத்தண்ணீர் இல்லை. பாணும் சம்பலும் வாய்க்கு வரப் பதினொன்றாகும். நித்திரை கூடிப்போனது, கஃபீன் பிந்திவிட்டது, வயிறு காய்ந்துவிட்டது, எல்லாம் ஒரே காலையில். கிழமை முழுக்க இருந்த டென்ஷன் சட்டென்று இறங்குவதும் பலருக்கு இடியைக் கிளப்பும். அதனால் லீவு நாளிலும் வழக்கமான நேரத்துக்கு எழும்பி, தேத்தண்ணீர் குடித்து, இரண்டு இடியப்பமாவது சாப்பிடுங்கள். களைப்பு என்றால் மத்தியானம் கொஞ்சம் சாயலாம். இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் வெறும் வயிற்றோடு படுக்க வேண்டாம், ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். கிழமைக்குக் கிழமை ஷிப்ட் மாறுவதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. ஒரே ஷிப்டைக் கூடுதல் காலத்துக்குத் தரமுடியுமா என்று மனேஜரிடம் கேட்டுப் பாருங்கள், தந்தால் லாபம்.

மாமி சொல்வதிலும் விஷயம் உண்டு. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் காய்ந்த சூட்டுக் காற்றாகத்தான் வருகிறது. கச்சான் அடிக்கிற மாதங்களில் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள், மோர் குடியுங்கள். உங்கள் மேசை கடலைப் பார்த்திருந்தால் திருப்பிப் போடுங்கள், அந்தக் கூச்சம் பொல்லாதது. வெளியே கூலிங் கிளாஸ் போடலாம். வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டே இருந்தால் கண் இருட்டுக்குப் பழகி, பிறகு சாதாரண வெளிச்சமும் குத்தும்.

சொக்லேட் விஷயம் வேடிக்கையானது. இடி வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பு ஆசை வரலாம். தின்றதால் வந்தது என்று நினைக்கிறோம், பல நேரம் உள்ளே அது தொடங்கிவிட்டதால்தான் தின்னவே தேடியிருப்போம். இரவில் தலைக்குக் குளிப்பதைப் பற்றி அம்மாவோடு சண்டை வேண்டாம், காலையில் குளித்துவிடுங்கள்.

வெள்ளி விரதம் நானும் பிடிக்கிறவள்தான். கோணேசர் கோயிலுக்குக் கோட்டைக்குள்ளால் நடந்து, மான்களைக் கடந்து, வெயிலில் மலையேறுவதற்கு முன் பாலும் வாழைப்பழமும் எடுத்துக்கொள்வேன். கோணேசர் இதுவரை கோபிக்கவில்லை.

கிண்ணியா காக்கா:
ரீச்சர் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் சாப்பாட்டை அப்படி விட்டுவிட முடியாது. இரவுக் கடைக் கொத்துரொட்டி எனக்கு ஆகவே ஆகாது. அது அஜினோமோட்டோவோ, பத்தரைக்குச் சாப்பிடுவதோ தெரியாது, நிறுத்தியதில் சுகம். எல்லோருக்கும் ஆகாது என்று சொல்லமாட்டேன்.

தேத்தண்ணீரைச் சடாரென்று நிறுத்தாதீர்கள், அதுவே தலையிடியாகும். நோன்புக்கு இரண்டு கிழமைக்கு முன்பிருந்தே நான் கோப்பை கோப்பையாகக் குறைத்து வருவேன், விடியலுக்கு முந்திய சஹர் சாப்பாட்டையும் தவறவிடமாட்டேன். முதல் நோன்புத் தலையிடி அதோடு போனது. அப்புறம் நடை. அசர் தொழுகைக்குப் பிறகு வெயில் தாழக் கடற்கரையில் மூச்சு வாங்குகிற வேகத்தில் அரை மணித்தியாலம், கிழமைக்கு மூன்று நாளாவது. இடி இருக்கிற நாளில் நடக்க வேண்டாம், கூடிவிடும்.

தாதி அக்கா:
நான் நேர்ஸ். தங்கச்சி, பனடோல் எத்தனை போடுகிறீர்கள் என்று எழுதவில்லையே. மூன்று மாதத்துக்கு மேலாக மாதத்தில் 15 நாளோ அதற்குக் கூடவோ பனடோல் போட்டால், அந்தக் குளிசையே தினசரித் தலையிடியைக் கொண்டுவரலாம். மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகையோ, கலப்பு வலிக்குளிசையோ என்றால் மாதத்தில் 10 நாள் போட்டாலே அப்படி ஆகலாம். கலண்டரில் இடி வந்த நாள், குளிசை போட்ட நாள், மாதவிடாய், நித்திரை நேரம் எல்லாவற்றையும் குறியுங்கள். பல பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டித்தான் வரும், அதை லீவு நாளின் தலையில் போட்டுவிடுவார்கள்.

மாதத்தில் நான்கு நாளோ கூடவோ இப்படிப் படுக்க வைத்தால், தடுப்பு மருந்து பற்றி டொக்டரிடம் கேளுங்கள். பழக்கங்களை மாற்றினால் குறையும், ஆனால் எல்லோருக்கும் அது மட்டும் போதாது. இடிக்கு முன் கண்ணில் மின்னல் கோடு தெரிகிறவர்கள் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடைக் குளிசை எடுக்கக்கூடாது, பக்கவாத ஆபத்து கூடும். திடீரென்று வாழ்நாளில் வராத அளவுக்கு இடித்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், பேச்சு குழறினால், ஒரு பக்கம் பலம் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு.

நிலாவெளி ரிசப்சன்:
எல்லோருக்கும் நன்றி. ரீச்சர், பதினொரு மணிப் பாண் வரை அப்படியே சொல்லிவிட்டீர்கள்! அக்கா, கண்ணில் மின்னல் இல்லை. பனடோல் ஹேண்ட்பேக்கில் எப்போதும் இருக்கும், எண்ணியதில்லை. இன்றிலிருந்து குறிக்கிறேன். தடுப்புக்கு புரோப்ரனலோல் தரலாம் என்று டொக்டர் போனமுறை சொன்னார். எனக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது, பரவாயில்லையா?

தாதி அக்கா:
அதைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு புரோப்ரனலோல் மூச்சுக்குழாயை இறுக்கும். வேறு மருந்துகள் இருக்கின்றன, கலண்டரையும் கையோடு கொண்டுபோங்கள்.