புதுப்பிப்பு: வீட்டுப்பாடம் எழுத மறுத்த இரண்டாம் வகுப்பு மகள், எங்களுக்குப் பலித்த வழி

மகளை வீட்டுப்பாடம் எழுத வைப்பது எப்படி என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: மகளுக்கு ஏழு வயது. மூன்றிலக்கக் கூட்டலை மனக்கணக்காகவே போட்டுவிடுவாள். ஆனால் தெரிந்த கணக்கையே பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால் பென்சிலைத் தொடமாட்டாள். அழுகையும் வாதமுமாக ராத்திரி பத்து மணி ஆகிவிடும்.

ஸ்டிக்கர் பரிசு எடுபடவில்லை, முதல் நாளே பேரம் பேச ஆரம்பித்துவிட்டாள். பலித்தது, ஆசிரியையாக இருக்கும் அக்கா ஒருவர் சொன்ன யோசனை: கடினமான ஐந்து கணக்கை முதலில் கொடுங்கள், சரியாகப் போட்டால் மீதி வேண்டாம். வகுப்பு டீச்சரிடம் பேசினேன், ஒப்புக்கொண்டார். எப்போது, எங்கே உட்கார்ந்து என்பது அவள் இஷ்டம். செய்வதா வேண்டாமா என்ற பேச்சே கிடையாது.

மிஞ்சிய நேரத்தில் 1 முதல் 100 வரை கட்டம் போட்டோம். 1-ஐ அடித்துவிட்டு, 2, 3, 5, 7 ஆகியவற்றை வைத்துக்கொண்டு அவற்றின் மற்ற மடங்குகளை அடித்தாள். 25 பகா எண்கள் (1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1-ஐவிடப் பெரிய எண்கள்) நின்றன. "11-ஓட மடங்கை ஏன் அடிக்கலம்மா?" என்று கேட்டவள், கொஞ்ச நேரத்தில் அவளே, "22, 33 எல்லாம் ஏற்கெனவே அடிச்சாச்சு, 11 × 11 = 121, நூறைத் தாண்டிடுது!" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று: ஐந்தில் ஒன்று தப்பானதும் தாளைக் கிழித்துவிட்டாள். எல்லாமே சுலபமாக வந்த பிள்ளைக்குத் தப்பு போட்டுப் பழக்கமில்லை. இப்போது நான் வேண்டுமென்றே தப்பாகப் போடும் கணக்கை அவள் திருத்துகிறாள். கோபம் குறைந்திருக்கிறது.

கையெழுத்துப் பயிற்சிக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. அதைத் தனியாகக் கேட்கிறேன்.