போ பர்ன்ஹாம் மேடைக்குப் பயந்துதான் படம் எடுக்கப் போனாரா?

ஓப்பன்மைக்_கோவை:
ரெண்டு வருஷமா ஓப்பன் மைக் பண்றேன், அதான் யார் வேணா பேர் கொடுத்து மேடையேறி காமெடி பண்ற நிகழ்ச்சி. கிடைக்கிறது அஞ்சு நிமிஷம். போன சனிக்கிழமை மூணாவது நிமிஷத்துல நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிச்சு, மைக் ஸ்டாண்டைப் பிடிச்ச கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. பேசாம குறும்படம் எடுக்கப் போயிடலாமான்னு இருக்கு. கூடப் பண்ற அண்ணன் ஒருத்தர், "அது ஓடி ஒளியறதுடா"ங்கிறார். அமெரிக்க காமெடியன் போ பர்ன்ஹாமும் அப்படித்தானே மேடையை விட்டார்? அவர் படம் பார்த்தவங்க சொல்லுங்க.

எடிட்_மேசை:
ஓடி ஒளிஞ்சார்னு சொன்னா எனக்கு மனசு ஆறாது தம்பி. 2006ல, 16 வயசுல, தன் ரூம்ல உட்கார்ந்து பாட்டுப் பாடி யூடியூப்ல போட்ட பையன் அவர். பத்து வருஷம் கழிச்சு, 2016ல 'மேக் ஹேப்பி'ங்கிற மேடை நிகழ்ச்சி முடிஞ்சதும் மேடையை நிறுத்தினார். மேடையில நிக்கிறப்பவே பேனிக் அட்டாக் (திடீர்னு வர்ற கடும் பயம், படபடப்பு) வந்துச்சுன்னு பின்னாடி அவரே சொன்னார்.

அந்தப் பயத்தை அவர் எங்க கொண்டுபோய் வெச்சார்னு தெரியணும்னா 2018ல வந்த, அவர் எழுதி இயக்கின முதல் படம் 'எய்த் கிரேடு' பாருங்க. கெய்லான்னு 13 வயசுப் பொண்ணு, நீச்சல்குளப் பார்ட்டிக்குப் போறா. முதல்ல பாத்ரூம்ல தனியா நின்னு மூச்சு வாங்குறா. அப்புறம் பச்சை நீச்சலுடையில, தோளைக் குறுக்கிக்கிட்டு, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால நின்னு வெளிய பார்க்கிறா. வெளிய பசங்க தண்ணியில விளையாடுறாங்க, அவ்வளவுதான். ஆனா பின்னணி இசை பேய்ப்படம் மாதிரி அடிக்குது. நான் கல்யாண வீடியோ எடிட் பண்றவன். இந்த ஒரு சீனை மட்டும் நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். உடம்பு நடுங்கினவனுக்குத்தான் இப்படி எடுக்க வரும். திரைக்கதைக்கு அமெரிக்க எழுத்தாளர் சங்க விருதும் கிடைச்சுது.

பத்து_வருஷ_மேடை:
எடிட்டர் அண்ணன் சொன்னது சரி. ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு. முதல் படம் வர்றதுக்கு முன்னாடியே அவர் ஜெரோட் கார்மைக்கேலோட '8', கிறிஸ் ராக்கோட 'டேம்பரின்'னு மத்த காமெடியன்களோட மேடை நிகழ்ச்சிகளை இயக்கியிருக்கார். மேடையை விட்டு இறங்கினாலும் அதோட பக்கத்துலயேதான் நின்னார். 2021ல வந்த அவரோட காமெடி நிகழ்ச்சி 'இன்சைட்'ல, 2020 ஜனவரியில திரும்ப மேடையேறலாம்னு நினைச்சதா அவரே சொல்றார். கொரோனா வந்துருச்சு. அதனால அந்த 'இன்சைட்'டை ஒரே ரூம்ல தனி ஆளா எழுதி, பாடி, லைட் போட்டு, கேமரா வெச்சு, எடிட்டும் பண்ணினார். அதுக்கு மூணு எம்மி (அமெரிக்க டிவி விருது) வந்துச்சு. அதனால ரெண்டுல ஒண்ணுன்னு இப்பவே முடிவு பண்ணாதீங்க. நடுக்கத்துக்கு டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. நான் கேட்டேன், ரொம்ப உதவுச்சு.

ஓப்பன்மைக்_கோவை:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிண்ணா. அந்தப் பாத்ரூம் சீனை இப்பதான் பார்த்தேன், அவ மூச்சு வாங்கி முடிக்கிற வரைக்கும் என்னால போனைக் கீழ வைக்க முடியல. வர்ற சனிக்கிழமைக்குப் பேர் கொடுத்துட்டேன். குறும்படத்துக்கு முதல் ஷாட்டும் எழுதிட்டேன்: மைக் ஸ்டாண்டு, அதுல ஒரு கை.