அப்பா வரமாட்டார், நாங்கள் மட்டும் போகலாமா?

கேள்வி (மூத்த மகள்):
அப்பா ராணுவத்தில் 22 வருடம் இருந்தவர். பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய்) என்று மருத்துவர் சொன்னார். இரண்டு முறை போனார், அதோடு சரி. இரவில் கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். தூக்கத்தில் அலறினால் அம்மா அவர் கிட்டே போகமாட்டார், அறை வாசலில் நின்றே குரல் கொடுப்பார். ஒருமுறை தோளைத் தொட்டு எழுப்பப் போய் அம்மாவின் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

இப்போது முன்னாள் படைவீரர் சங்கமும் ஒரு மனநல மருத்துவமனையும் சேர்ந்து குடும்பங்களுக்கென்று கூட்டம் தொடங்குகிறார்கள். அப்பாவை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போனால் அவரைக் காட்டிக்கொடுப்பது போல இருக்கிறது. போனால் நிஜமாகவே பலன் உண்டா?

பதில் (ஒரு படைவீரரின் மனைவி):
போங்கள் தங்கை. அவர் சம்மதத்துக்காக நான் நான்கு வருடம் காத்திருந்தேன். அந்த நான்கு வருடத்தில் எனக்கே தூக்கம் போய்விட்டது, பையன் வீட்டில் சத்தமாகச் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

எங்கள் குழுவும் இப்படித்தான் தொடங்கியது: சங்கம், மருத்துவமனை, ஒரு பள்ளி. முதல் கூட்டம் சங்கக் கட்டடத்திலேயே. வந்தது மூன்று பேர். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. அப்புறம் ஒரு அம்மா சொன்னார்: "வாசலில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவர்கள். அவர்களைத் தாண்டி எப்படி உள்ளே வருவேன்?" அவ்வளவுதான். நூலகத்தின் பின்பக்க அறைக்கு மாற்றினோம், பள்ளி ஆசிரியை ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். இரண்டே மாதத்தில் நாற்காலி போதவில்லை.

இன்னொன்று. மூன்று அமைப்புகள் கைகோத்துவிட்டோம் என்று நோட்டீஸ் அடித்து, கீழே மூன்று தொலைபேசி எண் போட்டால் அது உதவி ஆகாது. எனக்கு உதவியது ஒரு செவிலியர். "திங்கள் காலை நான் வாசலில் நிற்கிறேன், வாங்க" என்றார், சொன்னபடி நின்றார். உங்கள் கூட்டத்தில் அப்படி நிற்கப்போவது யார் என்று முதலிலேயே கேளுங்கள்.

பாடம் நடத்துவதையும் மருத்துவர் கையிலேயே விட்டுவிட வேண்டாம். அமெரிக்காவில் நாமி என்ற அமைப்பு படைவீரர் குடும்பங்களுக்காக 'ஹோம்ஃப்ரண்ட்' என்று ஆறு அமர்வு கொண்ட இலவச வகுப்பு நடத்துகிறது. சொல்லிக்கொடுப்பவர்களும் இதே நிலையைக் கடந்த குடும்பத்தினர்தான். வாசலில் நின்று குரல் கொடுப்பதை உங்கள் அம்மா தானாகக் கண்டுபிடித்திருக்கிறார். அதைப் புதிதாக வருகிற ஒருத்திக்கு அவர்தான் சொல்ல வேண்டும்.

பதில் (மனநலச் செவிலியர்):
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நோயாளியின் அனுமதி இல்லாமல் மருத்துவர் உங்களிடம் விவரம் சொல்லத் தயங்குவார். ஆனால் நீங்கள் மருத்துவரிடம் சொல்வதற்குத் தடை இல்லை. தேதி போட்டு எழுதிக் கொடுங்கள்: எத்தனை இரவு தூங்கவில்லை, எப்போது குடித்தார், எதைக் கண்டு திடுக்கிட்டார். செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தால் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அது இன்றைக்கே வேறு பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும்.

பதில் (முன்னாள் சிப்பாய்):
உங்கள் அப்பா நிலையில் இருந்தவன் நான். 1980 வரை இந்த நோய்க்கு மருத்துவப் புத்தகத்தில் இந்தப் பெயரே கிடையாது, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் தங்களுக்குள் கூடிப் பேசிப் போராடியதும் அந்தப் பெயர் வந்ததற்கு ஒரு காரணம். நானும் மருத்துவர் பேச்சைக் கேட்கவில்லை, கூடப் பணியாற்றிய ஒருவன் பேச்சைத்தான் கேட்டேன். சங்கத்தில் அப்படி ஒருவரை அப்பாவிடம் அனுப்பச் சொல்லுங்கள். முதல் நாளே சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டாம், சும்மா வந்து உட்காரட்டும். அப்புறம், அப்பாவுக்குத் தெரியாமல் போகாதீர்கள்மா. மறைத்தால்தான் எங்களுக்கு வலிக்கும்.

மூத்த மகள்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "எனக்காகவா போறீங்க?" என்றார். "அம்மாவுக்காக" என்றேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் போய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். சனிக்கிழமை போகிறோம். அக்கா, நூலக அறையை யாரிடம் கேட்டு வாங்கினீர்கள்?

ஒரு படைவீரரின் மனைவி:
நூலகரிடமே கேட்டோம். 'குடும்பச் சந்திப்பு' என்று மட்டும் எழுதிக் கொடுத்தோம், மனநலம் என்ற சொல்லே கதவில் இல்லை. சனிக்கிழமை முடிந்ததும் இங்கே வந்து எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.